வெளியீட்டுக் கோப்பை மூடுவது யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் வரும் கணினிப் பகுதியை, செவ்வாய்ப்பேட்டையில் இருந்துகொண்டு மண்டிக் கடைகளுக்கும் ஜவ்வரிசி ஆலைகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பிழைக்கும் நான் விடாமல் படித்து வருகிறேன். சி மொழியைத் தமிழில் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் குறைவு என்பதால் அந்தப் பகுதியின் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. அதனாலேயே அதில் அண்மையில் வந்த ஓர் அறிவுரையை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. திரையில் அச்சாகும் வெளியீட்டைக் கோப்புக்குள் அனுப்ப விரும்பினால் நிரலின் மற்ற வரிகளில் கை வைக்கவே வேண்டாம், ஃப்ரீஓப்பன் என்ற ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. போட்டித் தேர்வுக்காக ஒரு பக்க நிரல் எழுதும் மாணவருக்கு அது போதும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் பெரிய மென்பொருள்களிலும் இதுவே வழக்கம் என்று அடுத்த வரியில் சேர்த்திருந்தார்களே, அது சரியல்ல. அந்த வழக்கத்தைப் பல ஆண்டுகள் வைத்திருந்த ஒரு பெரிய மென்பொருள், அதை மெனக்கெட்டுக் கைவிட்ட வரலாறு யாரும் எடுத்துப் படிக்கக்கூடிய வகையில் பொதுவில் கிடக்கிறது.

ஃப்ரீஓப்பன் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சி மொழியில் எழுதிய எந்த நிரலும் இயங்கத் தொடங்கும்போதே, ஸ்ட்ரீம் என்று நாங்கள் சொல்லும் ஓடைகள் மூன்று திறந்த நிலையில் அதன் கைக்கு வந்துவிடுகின்றன: உள்ளீட்டுக்கு ஒன்று, வெளியீட்டுக்கு ஒன்று, பிழைச் செய்திகளுக்கு ஒன்று. இரண்டாவதான எஸ்டிடிஅவுட் வழக்கமாகத் திரைக்குப் போகும். பிரிண்ட்எஃப் என்ற அச்சிடும் கட்டளை எழுதுவதெல்லாம் அதில்தான் விழும். ஃப்ரீஓப்பன் அந்த ஓடையை மூடிவிட்டு, அதே பெயரின் கீழ் வேறொரு கோப்பைத் திறந்து வைக்கிறது. நிரலின் எந்த மூலையில் இருக்கும் பிரிண்ட்எஃப் வரியும், தனக்குத் தெரியாமலே, அந்த நொடி முதல் புதிய கோப்பில் எழுதத் தொடங்கிவிடும். ஊருக்குப் பொதுவான வாய்க்காலைத் தன் ஒரு வயலுக்காக வெட்டித் திருப்பிவிட்டுப் போவதைப் போன்ற வேலை இது. கடைமடைக்காரருக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று அவர் வரப்பில் நடந்து போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும். திருப்பியதை மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவர சி மொழியின் தர வரையறையில் நேர்வழி எதுவும் இல்லை. லினக்ஸில் முனையத்தின் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் திரையின்) பெயரைச் சொல்லித் திரும்பத் திறக்கலாம் என்பார்கள். ஆனால் முன்பு வெளியீடு முனையத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது என்பதற்கு என்ன உறுதி இருக்கிறது? குழாய் வழியாக இன்னொரு நிரலுக்குப் போய்க்கொண்டிருந்தால் அந்தத் தொடர்பு அறுந்தது அறுந்ததுதான்.

நம் ஊர்த் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். மரவள்ளிக் கிழங்கு கொண்டுவரும் ஒவ்வொரு விவசாயிக்கும் ஆலையில் ஒரு சீட்டுப் போடுவார்கள்: வண்டி எடை, மாவுச்சத்துப் பாயிண்ட், விலை, பிடித்தம், கொடுக்க வேண்டிய தொகை. மாலையில் எல்லாச் சீட்டுகளையும் தனித்தனிக் கோப்புகளாக எழுதிவிட்டு, அன்றைய மொத்தத்தைத் திரையில் காட்ட வேண்டும் என்பது ஆலைக்காரரின் தேவை. ஓர் ஆலையில் ஏற்கெனவே யாரோ எழுதிக் கொடுத்திருந்த நிரல், சீட்டுக்குச் சீட்டு எஸ்டிடிஅவுட்டை ஃப்ரீஓப்பன் கொண்டு திருப்பிக்கொண்டே போனது. கடைசிச் சீட்டு முடிந்த பிறகு திரையில் ஒன்றும் வரவில்லை. அன்றைய மொத்தக் கொள்முதலும் கொடுக்க வேண்டிய மொத்தத் தொகையும் கடைசியாக வந்த விவசாயியின் சீட்டின் அடியில் அச்சாகியிருந்தன. ஆலை அன்று எவ்வளவு வாங்கியது, யாருக்கும் சொல்ல விரும்பாத அந்தக் கணக்கு, மடித்த காகிதமாக ஒருவர் சட்டைப் பையில் வீட்டுக்குப் போயிற்று. எழுதியவர் கெட்டிக்காரர்தான், ஒரு வரி போதும் என்று எங்கோ படித்திருக்கிறார்.

இதே அமைப்பு கொண்ட ஒரு கட்டளை கிட் மென்பொருளில் இருக்கிறது. நிரல்களின் பதிப்புகளைக் கட்டிக்காக்கும் இந்த மென்பொருளை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கினார். அதே ஆண்டில் பராமரிப்புப் பொறுப்பு ஜூனியோ ஹமானோவிடம் சென்றது. அதன் உட்பகுதி பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. ஃபார்மட்-பேட்ச் என்ற அந்தக் கட்டளை, நாம் கேட்கும் கமிட்கள் (கிட்டில் பதிவு செய்த மாற்றங்கள்) ஒவ்வொன்றையும் மின்னஞ்சலில் அனுப்பத்தக்க, மாற்றங்களை மட்டும் சொல்லும் தனிப் பேட்ச் கோப்பாக எழுதிவிட்டு, எழுதிய கோப்புகளின் பெயர்களைத் திரையில் காட்டும். தொடக்க ஆண்டுகளில் அது ஒவ்வொரு பேட்சுக்கும் எஸ்டிடிஅவுட்டை ஃப்ரீஓப்பன் கொண்டுதான் திருப்பியது. அப்படியானால் கோப்புப் பெயர்களைத் திரையில் எப்படிக் காட்டுவது? அதற்காக, திருப்புவதற்கு முன்பே டூப் என்ற அழைப்பால் பழைய வெளியீட்டின் நகல் ஒன்றை எடுத்து, அதற்கு ‘ரியல்எஸ்டிடிஅவுட்’ என்று பெயர் வைத்துக் கையில் வைத்திருந்தார்கள். அசல் எது என்று தனியாகப் பெயர் சூட்டி வைக்க வேண்டிய நிலை வந்தபோதே, எஸ்டிடிஅவுட் என்று அழைக்கப்பட்டது அசல் அல்லாமல் போய்விட்டது என்பது விளங்கும்.

இருந்தும் அது ஆண்டுக்கணக்கில் வேலை செய்தது. ஃபார்மட்-பேட்ச் தனி நிரலாக இயங்கி முடிந்ததும் அதன் ஓடைகள் எல்லாம் அதனோடு போய்விடும், அடுத்த நிரல் புதிய ஓடைகளோடு தொடங்கும் என்பதால் யாருக்கும் தொல்லை தெரியவில்லை. ஷெல் ஸ்கிரிப்ட்களாக (மற்ற நிரல்களை வரிசையாகக் கூப்பிடும் சிறு நிரல்களாக) இருந்த கட்டளைகளைச் சி மொழிக்கு மாற்றும் வேலை நடந்தபோதுதான் நிலைமை மாறியது. தனி நிரலாகக் கூப்பிட்டதை ஒரே நிரலுக்குள் செயற்கூறாக (ஃபங்ஷனாக) கூப்பிட வேண்டி வரும்போது, உள்ளே போன செயற்கூறு பொது வெளியீட்டைத் திருப்பிவிட்டுத் திரும்பி வந்தால், அதன் பிறகு வரும் ஒவ்வொரு வரியும் தவறான கோப்பில் விழும். விண்டோஸுக்கான கிட்டைப் பராமரித்து வந்த ஜோஹன்னஸ் ஷிண்டலின் 2016-இல் ஒரு பேட்ச் வரிசையை அனுப்பி இந்தப் பழக்கத்தை நீக்கினார். வேறுபாடுகளைக் காட்டும் டிஃப் பகுதிக்கு, எந்த ஓடையில் எழுத வேண்டும் என்று சொல்லும் ஒரு புலம் அதன் விருப்பத் தொகுப்பில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் கமிட்டின் தலைப்பை எழுதும் பகுதி, கிளைகளைக் கோடுகளாக வரையும் பகுதி, ஆசிரியர்வாரிச் சுருக்கம் தரும் பகுதி ஆகியவை அந்தப் புலத்தைப் பார்க்காமல் நேராக எஸ்டிடிஅவுட்டில் எழுதிக்கொண்டிருந்தன. அவை ஒவ்வொன்றையும் அந்தப் புலத்தைக் கேட்டு எழுதுமாறு மாற்றிய பிறகே ஃப்ரீஓப்பனை எடுக்க முடிந்தது. அதை எடுத்ததும் ரியல்எஸ்டிடிஅவுட்டுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. தங்கள் பகுதி சொன்ன அந்த ஒற்றை வரியை வெளியேற்ற, இத்தனை இடங்களில் போய்த் திருத்த வேண்டியிருந்தது.

இந்த மாற்றத்தில் நான் மாணவர்களுக்குக் காட்ட விரும்புவது எழுதும் இடத்தை அல்ல, மூடும் இடத்தை. டிஃப் பகுதியின் விருப்பத் தொகுப்பில் ஓடைக்கான புலத்துக்கு அருகிலேயே, வேலை முடிந்ததும் அந்த ஓடையை மூடவேண்டுமா என்று சொல்லும் ‘குளோஸ்_ஃபைல்’ என்றொரு கொடியும் இருந்தது. டிஃப் மட்டும் தனியாக இயங்கும்போது இது நியாயமான ஏற்பாடு: கோப்பைத் திற, வேறுபாட்டை எழுது, மூடு. அதே டிஃப்பை, கமிட்களின் வரலாற்றைக் காட்டும் ‘லாக்’ (log) கட்டளை கமிட்டுக்குக் கமிட் சுற்றிச் சுற்றிக் கூப்பிடும்போது என்ன ஆகும்? முதல் கமிட்டின் வேறுபாட்டை எழுதியவுடன் டிஃப் தன் கடமையென்று கோப்பை மூடிவிடும். இரண்டாவது கமிட்டின் தலைப்பு, மூடிய ஓடையில் எழுதப்படும். ஒரே கமிட்டுக்குள்ளும் கூட, வேறுபாட்டுக்குப் பின் ஏதேனும் ஒரு வரி எழுத வேண்டியிருந்தால் அதற்குள் கோப்பு மூடப்பட்டிருக்கும். அதனால் வெளியே இருக்கும் செயற்கூறு, கொடியின் மதிப்பை முதலில் தன்னிடம் குறித்து வைத்துக்கொண்டு, கொடியை இறக்கிவிட்டு, உள்ளே இருப்பவர்களை எழுத மட்டும் அனுமதித்து, எல்லாம் முடிந்த பின் தானே மூட வேண்டும் என்று வகுத்தார்கள். சுற்று எங்கே நடக்கிறதோ அங்கேதான் மூடும் பொறுப்பு. சப்வெர்ஷன் என்ற மற்றொரு பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளிலும் இந்தச் சிக்கலுக்கென்றே ஒரு செயற்கூறு உண்டு; கொடுத்த ஓடையைப் போர்த்தி, எழுதச் சொன்னால் எழுதும், மூடச் சொன்னால் மட்டும் காதில் வாங்காத ஓர் ஓடையை அது தரும். முரட்டு வைத்தியம் என்று தோன்றினாலும், பிறர் கொடுத்த ஓடையை மூடிவிடும் பழைய செயற்கூறுகளைத் திருத்த முடியாத இடத்தில் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இருமுறை மூடுவதும் மூடாமலே விடுவதும் இதன் மறுபக்கங்கள். மூடிய ஓடையை, ஓடையை மூடும் அழைப்பான எஃப்குளோஸ் கொண்டு மீண்டும் மூடினால் என்ன நடக்கும் என்பதற்குச் சி மொழி எந்த உறுதியும் தருவதில்லை. முதல் முறை விடுபட்ட கோப்பு எண்ணை அதற்குள் வேறொரு கோப்பு பெற்றிருந்தால், சம்பந்தமே இல்லாத அந்தக் கோப்பு மூடப்படவும் கூடும். மூடாமலே போனால் ஒரு நிரல் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய கோப்புகளின் வரம்பு தட்டும். லினக்ஸில் அது பெரும்பாலும் 1024. விண்டோஸில் சி நூலகத்தின் இயல்பான வரம்பு 512. பத்துச் சீட்டு போட்டுச் சோதிக்கும்போது தெரியாத கோளாறு, கிழங்குப் பருவத்தின் நெரிசலான நாளில்தான் வெளிப்படும். பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படித்துவிட்டு வரும் மாணவர்கள், ‘வித்’ என்று தொடங்கும் பகுதி முடிந்ததும் கோப்பு தானாக மூடிக்கொள்வதைப் பார்த்துப் பழகியிருப்பார்கள். சி மொழியில் அந்த வசதி இல்லை என்பதால், யார் மூடுவது என்பதை எழுதுபவர்களே பேசி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃப்ரீஓப்பனுக்கு ஒரு நன்மை இருந்தது; அதைக் கைவிட்டபோது கிட் அதை இழந்தது. திரையில் வேறுபாடுகளைக் காட்டும்போது கிட் நீக்கிய வரிகளைச் சிவப்பிலும் சேர்த்தவற்றைப் பச்சையிலும் காட்டும். வண்ணம் வேண்டுமா வேண்டாமா என்பதை, எஸ்டிடிஅவுட் ஒரு முனையத்தோடு இணைந்திருக்கிறதா என்று கேட்டு அது முடிவு செய்யும். ஃப்ரீஓப்பன் இருந்த காலத்தில் எஸ்டிடிஅவுட்டே கோப்பாகிவிட்டதால் வண்ணம் தானாக அணைந்துவிடும். புதிய முறையில் எஸ்டிடிஅவுட் முனையமாகவே இருக்க, எழுதுவது மட்டும் வேறு ஓடைக்குப் போகிறது. கேள்விக்கு ‘ஆம், முனையம்தான்’ என்று பதில் வரும், பேட்ச் கோப்புக்குள் வண்ணக் குறிகள் குப்பையாக விழும், அந்தப் பேட்சைப் பெறுபவரால் அதைப் பொருத்த முடியாமல் போகும். எனவே கோப்பில் எழுதும்போது, எப்போதும் வண்ணம் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டவருக்குத் தவிர மற்ற எல்லோருக்கும், வண்ணத்தை அணைக்கும்படி தனியாக எழுதினார்கள். குறுக்குவழியை விடும்போது அது சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலைகளையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இதைத் தங்கள் பகுதி சொல்லியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டேன்.

மூடுவதைப் பற்றி இன்னும் ஒன்று. நம் ஊர்க் கல்லூரிகளின் செய்முறை ஏடுகளில் நான் பார்த்தவரை, எஃப்குளோஸ் என்பது நிரலின் கடைசியில் வணக்கம் போடுவதைப் போல ஒரு சடங்காகவே எழுதப்படுகிறது. அது திருப்பித் தரும் மதிப்பை யாரும் பார்ப்பதில்லை. கோப்புக்குப் போகும் எழுத்துகள் உடனே வட்டில் ஏறுவதில்லை, பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் சேர்ந்து நிற்கின்றன. சிறிய கோப்பாக இருந்தால் மூடும் வரை ஓர் எழுத்துகூட வெளியே போயிருக்காது. வட்டில் இடமில்லை, பென் டிரைவைப் பிடுங்கிவிட்டார்கள் என்பன போன்ற செய்திகள் அப்போதெல்லாம் எஃப்குளோஸ் சொல்லித்தான் நமக்குத் தெரியவரும். கணக்குத் தணிக்கையாளருக்காகப் பென் டிரைவில் கோப்பு எடுக்கும் மண்டிக் கடைகளில் இது அன்றாடம் நடக்கக்கூடியது. மதிப்பைப் பார்க்காத நிரல் ‘சேமிக்கப்பட்டது’ என்று காட்டும், பென் டிரைவில் பாதிக் கோப்பு இருக்கும்.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்துக்கு மஸ்டர் ரோல் நிரலைச் சீர்செய்யப் போனபோது பார்த்ததும் இதையொட்டியதுதான். மாலைதோறும் ஆள் வருகையையும் கூலியையும் சேர்த்துக் கோப்பு முழுவதையும் அந்த நிரல் புதிதாக எழுதும். எழுதத் திறந்த நொடியிலேயே பழைய கோப்பு வெறுமையாகிவிடும் என்பதால், கோடை இடிமழையில் மின்சாரம் போகும் அந்த மலையில், எழுதி முடிவதற்குள் கணினி அணைந்தால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்கள் இதற்கு மிகப் பழைய காலத்திலேயே வழி கண்டுவிட்டன. 1970-களில் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் உருவாக்கிய எஸ்சிசிஎஸ், புதிய பதிப்பை வேறு பெயருள்ள தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்த பிறகே பழைய கோப்பின் இடத்தில் வைத்தது. கிட், அடுத்த கமிட்டில் சேர வேண்டியவற்றைக் குறித்து வைக்கும் தன் இண்டெக்ஸ் கோப்புக்கு இதையே செய்கிறது: பெயரோடு ‘.lock’ (பூட்டு) என்று சேர்த்த ஒரு கோப்பை, ஏற்கெனவே அப்படி ஒன்று இருந்தால் திறக்காதே என்ற நிபந்தனையோடு உருவாக்கி, அதில் எழுதி, மூடி, மூடியதில் பிழையில்லை என்று தெரிந்த பின் பெயரை மாற்றுகிறது. பிழை வந்தால் தற்காலிகக் கோப்பு அழிக்கப்படும், பழைய இண்டெக்ஸ் தொடப்படாமல் இருக்கும். அதே கோப்பு பூட்டாகவும் பயன்படுவதால் இருவர் ஒரே நேரத்தில் எழுதவும் முடியாது. மின்சாரம் போன பிறகு அந்தப் பூட்டு மட்டும் மிஞ்சி நின்று, வேறொரு கிட் இயங்குவதாகத் தெரிகிறது என்று அடம்பிடிப்பதை மாணவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். உண்மையிலேயே வேறு கிட் இயங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதைக் கையால் அழிக்க வேண்டும்.

அந்த முறையை மஸ்டர் ரோலுக்குக் கொண்டுவரும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. பெயரை மாற்றிவிட்டால் மட்டும் உள்ளடக்கம் வட்டில் ஏறிவிட்டது என்று பொருளில்லை. அதற்கு, எழுதியதை வட்டில் ஏற்றச் சொல்லும் எஃப்சிங்க் என்ற அழைப்பு வேண்டும். எந்தெந்தக் கோப்புகளுக்கு அதைச் செய்வது என்று தேர்ந்தெடுக்கும் அமைப்பு கிட்டில்கூட 2022-இல் வந்த 2.36 பதிப்பில்தான் சேர்ந்தது. அடுத்தது விண்டோஸ். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் பழைய கோப்பின் மேலேயே பெயர் மாற்றலாம்; விண்டோஸில் சி நூலகத்தின் ரீநேம், அந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் மறுத்துவிடும், வேறு அழைப்பைப் பயன்படுத்த வேண்டும். நம் கடைகளிலும் தோட்டங்களிலும் இருப்பவை பெரும்பாலும் விண்டோஸ் கணினிகளே என்பதால், லினக்ஸ் ஆய்வகத்தில் சோதித்த நிரலை அப்படியே கொண்டுபோய் வைக்க முடியாது.

ஆகவே, கணினிப் பகுதியை எழுதுபவரிடம் தாங்கள் தெரிவிக்க வேண்டியது இதுதான். பெரிய மென்பொருள்களிலும் இதுவே வழக்கம் என்ற வரிக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். அதோடு, அதே எடுத்துக்காட்டு நிரலை, எழுதும் செயற்கூறு ஓடையை ஓர் அளபுருவாகப் பெற்றுக்கொள்வதாகவும், கோப்பைத் திறந்த மெயின் செயற்கூறே அதை மூடி எஃப்குளோஸின் மதிப்பைப் பார்ப்பதாகவும் மாற்றி எழுதிப் போட வேண்டும். ஏழெட்டு வரிகள்தான் கூடும். கிட்டின் மூலநிரலில் டிஃப், லாக் கட்டளைகளுக்கான கோப்புகளைத் திறந்து, ஓடையின் புலம் எங்கே நிரப்பப்படுகிறது, எங்கே மூடப்படுகிறது என்று மாணவர்களைத் தேடச் சொன்னால் இன்னும் நல்லது. அந்த மூலநிரலும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுதப்பட்ட விளக்கமும் இலவசமாகவே கிடைக்கின்றன. கல்லூரிகளில் செய்முறைத் தேர்வு தொடங்குவதற்குள் திருத்தம் வந்தால், அந்த ஒற்றை வரியை ஏட்டில் எழுதி வைத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.